ஞாபகார்த்த நாணயக் குற்றி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடசாலைக் கண்காட்சிக்காகப் பழைய காசுகளைச் சேர்க்கிறாள். போன வாரம் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தாள். நடுவில் ஓட்டையில்லாத, தேய்ந்த, கறுத்த சில்லறைகளுக்கிடையே இலங்கை ஜனாதிபதியாக இருந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் முகம் பதித்த 1978ஆம் ஆண்டு ஒரு ரூபாய் கிடந்தது. "மாமா, இதற்கு என்ன பெயர் எழுதுவது? ஞாபகார்த்த நாணயக் குற்றி என்று எழுதச் சொன்னார் ஆசிரியர். நினைவு நாணயம் என்று எழுது என்கிறார் அம்மா" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஞாபகார்த்தம் என்பது வடமொழிக் கூட்டுச் சொல். ஞாபகம், அர்த்தம் என்று இரண்டாகப் பிரியும். வடமொழியில் ஞாபகம் என்றால் உணர்த்துவது, அறியச் செய்வது. தமிழுக்கு வந்தபின் அது மனத்தில் நிற்பதைக் குறிக்கும் சொல்லாயிற்று. அர்த்தம் என்பதற்கு இங்கே 'பொருட்டு' என்று பொருள். ஆக, நினைவின் பொருட்டு வெளியிட்டது என்பதே முழுச் சொல்லின் கருத்து. 'நினைவு' என்ற மூன்றெழுத்து இத்தனையையும் சுமக்கும். நினை என்ற வேரில் பிறந்த தமிழ்ச் சொல் அது. அதை விட்டுவிட்டு ஆறேழு எழுத்தை ஒரு பிள்ளையின் நாவில் ஏற்றுவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நாணயம் என்ற சொல்லின் கதை வேறு. அதுவும் 'நாணகம்' என்ற வடமொழிச் சொல்லின் வழி வந்ததே. குஷாணர் காசுகளில் பொறித்திருந்த நானா என்ற பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து அந்தச் சொல் பிறந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆனால் தமிழில் அது வேர்விட்டு, நேர்மை என்ற இன்னொரு பொருளையும் பெற்றுவிட்டது. மாற்றுக் குறையாத காசைப் போல வாக்குத் தவறாதவரை 'நாணயமான மனிதர்' என்கிறோம். இப்படித் தமிழரின் ஒழுக்கப் பேச்சுக்குள் புகுந்துவிட்ட சொல்லை வெளியேற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

அதற்குரிய பழந்தமிழ்ச் சொல் காசு. முதலில் அது மணியை, பொன்னணியில் கோக்கும் உருவை, குறித்தது. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் கிளி ஒன்று வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்த 'பொலங்கல ஒருகாசு' போல அது இருந்ததாம். பழுத்த வேப்பம்பழத்தின் மஞ்சளையும் அந்த நுனிப் பிடியையும் கண்டவருக்கு உவமையின் அழகை விளக்க வேண்டியதில்லை. பின்னர் காசு பணத்தைக் குறித்தது. சோழர் கல்வெட்டுகள் 'ஈழக்காசு' என்றே ஒன்றைப் பேசுகின்றன. யாழ்ப்பாண அரசர்கள் காசில் 'சேது' என்று தமிழில் பொறித்தார்கள். ஒல்லாந்தர் இலங்கையில் அடித்த செம்புக் காசுகளில் எங்கள் ஊரைக் குறிக்க 'T' என்ற ரோமன் எழுத்தைப் பதித்ததும் உண்டு. ஒரு காலத்தில் திருகோணமலையின் முதலெழுத்தும் காசில் ஏறியிருந்தது என்று சொன்னபோது பிள்ளையின் கண்கள் விரிந்தன.

அப்படியானால் 'நினைவுக் காசு' என்று எழுதிவிடலாமே? பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். எழுத்தில் ஒரு சிக்கல் வரும். மீன் சந்தையில் நீட்டும் தாளும் எங்களுக்குக் காசு, வங்கியில் போடுவதும் காசு. சுதந்திரப் பொன்விழாவுக்காக 1998இல் வெளிவந்த 200 ரூபாய்த் தாளும் நினைவு வெளியீடுதான். தாளையும் உலோகக் காசையும் பிரித்துக் காட்டத்தான் இலங்கைத் தமிழில் நாணயத்தாள், நாணயக் குற்றி என்ற இணை வழங்குகிறது. தமிழ்நாட்டில் நாணயம் என்றாலே உலோகக் காசு. இங்கே அது பணமுறை முழுவதையும் குறிக்கும். சர்வதேச நாணய நிதியம் என்று எழுதும்போது நாம் சில்லறையை நினைப்பதில்லை. குற்றி நல்ல தமிழ்ச் சொல். கட்டையான துண்டு என்பது அதன் பொருள். மரக்குற்றி என்பதிலும் அதே சொல்தான். சிலர் குத்தி என்றும் எழுதுகிறார்கள். நான் குற்றி என்றே எழுதுவேன்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் அம்மம்மா ஒரு தடை சொன்னார். "நினைவு என்றால் செத்தவர்களுக்கு அல்லவா? இந்தக் காசு வந்தபோது அவர் உயிரோடு இருந்தாரே."

அருமையான கேள்வி. எங்கள் பத்திரிகைகளில் 31ஆம் நாள் நினைவஞ்சலி பார்த்துப் பழகிய காதுக்கு அப்படித்தான் படும். இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964இல் நேரு மறைந்த ஆண்டிலேயே வந்தது. காந்திக்கு 1969இல், காமராசருக்கு 2003இல் நூற்றாண்டை ஒட்டி வந்தவையும், அண்ணாவின் தமிழ்க் கையொப்பத்தோடு 2009இல் வந்த 5 ரூபாயும் மறைந்த தலைவர்களுக்கானவையே. அவற்றில் நினைவு என்ற சொல் தானாகப் பொருந்துகிறது. 1978இன் ரூபாய் அப்படியல்ல. ஜயவர்தன நிறைவேற்று அதிகாரமுள்ள முதல் ஜனாதிபதியாக அந்த ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி பதவியேற்றதை அது குறிக்கிறது.

ஆயினும் நினைவுக்கு இழவு மட்டுமே பொருளல்ல. விழா மேடையில் உயிரோடு நிற்பவருக்குத்தானே நினைவுப் பரிசு கொடுக்கிறோம்? அங்கே நினைவில் நிற்க வேண்டியது அந்த நாள். அதனால் ஒரு வழக்கைப் பின்பற்றலாம்: மறைந்தவராயின் அவர் பெயரோடு நினைவைச் சேர்த்து, நேரு நினைவு நாணயக் குற்றி என்று எழுதலாம். வாழ்பவராயின் நிகழ்ச்சியின் பெயரோடு சேர்க்க வேண்டும். நினைவு என்ற சொல் எதற்குப் பக்கத்தில் நிற்கிறதோ அதையே பற்றும். எழுதுகிறவர் அந்த இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும்.

அம்மம்மா தலையாட்டினார். பிள்ளை மட்டையை வெட்டி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதினாள்: 'ஜே. ஆர். ஜயவர்தன பதவியேற்பு நினைவு நாணயக் குற்றி. ஒரு ரூபாய். 1978.' இடம் போதாமல் கடைசி ஆண்டெண் சற்றுச் சிறிதாயிற்று.