காந்தத்தை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

"கரும்பொருளை ரேடியோவில் பிடிக்கலாம் என்கிறார்களே, கதைவிடுகிறார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கதையில்லை. (கரும்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாமல், தன் ஈர்ப்பு விசையால் மட்டுமே இருப்பைக் காட்டும் பொருள்.) அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஏடிஎம்எக்ஸ் என்ற பெயரில் அப்படியொரு ரேடியோ இருக்கிறது.

கரும்பொருள் என்பது ஆக்சியான் என்ற மிக மிக லேசான துகளாக இருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. (பெயர் ஒரு சலவைத்தூளுடையது, இயற்பியலாளர் ஃபிராங்க் வில்செக் சூட்டியது.) வலுவான காந்தப்புலத்தில் அது எப்போதாவது மின்காந்த அலையாக மாறும், அதைப் பிடிக்கலாம் என்று 1983இல் இயற்பியலாளர் பியர் சிக்கிவி சொன்னார். அலைவரிசையைத் தீர்மானிப்பது ஆக்சியானின் நிறை. அதுதான் யாருக்கும் தெரியாதே! அதனால் காந்தத்துக்குள் ஒரு செப்பு உருளையை வைத்து, உள்ளிருக்கும் தண்டுகளைத் துளித்துளியாக நகர்த்தி ஸ்டேஷன் தேடுகிறார்கள்.

சரி, கிடைத்தால் எவ்வளவு சத்தம் கேட்கும்? ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, மறுபடி கோடியால், இன்னொரு முறையும் கோடியால் வகுத்து, மிச்சத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு. ஏறக்குறைய அவ்வளவுதான். உலோகம் சற்றே சூடாக இருந்தாலும் எலக்ட்ரான்களின் ஆட்டம் இரைச்சலாகி இதை விழுங்கிவிடும். எனவே உருளையை 0.15 கெல்வின் அளவுக்கு, அதாவது சாத்தியமான அதிகபட்சக் குளிருக்கு வெகு அருகே, குளிர்விக்கிறார்கள்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். பெருக்கி சிக்னலைப் பெருக்கும்போது தன் இரைச்சலையும் சேர்த்துக் கொட்டும். முதல் பெருக்கி நூறு மடங்கு பெருக்கிவிட்டால், இரண்டாவது கொட்டும் குப்பை நூறில் ஒரு பங்காகத்தான் உறுத்தும். ஆக, மானம் முதல் பெருக்கியின் கையில். அதற்கு ஸ்குவிட் என்ற மீகடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) வளையத்தைப் பயன்படுத்தினார்கள். குவாண்டம் விதிகள் அனுமதிக்கும் குறைந்தபட்ச இரைச்சலை நெருங்கும் சாதனம் அது. ஆனால் துளி காந்தப்புலத்துக்கும் பதறும் பிறவி. பக்கத்திலோ 7 டெஸ்லாவுக்கு (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) மேற்பட்ட காந்தம்! அதனால் அந்த இடத்தில் மட்டும் புலத்தை எதிர்த்து அழிக்க இன்னொரு சுருள்.

இத்தனைக்குப் பிறகும் இரைச்சல்தான் பல மடங்கு பெரிது. ஆனால் இரைச்சல் ஏறி இறங்கும், சிக்னல் ஒரே இடத்தில் நிற்கும். நூறு முறை அளந்து சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் பத்தில் ஒன்றாகிவிடும். பொறுமைதான் வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால், "இந்த அலைவரிசையில் இல்லை" என்று சொல்லவா இவ்வளவு பணம் என்று சிலர் கேட்பார்கள். அதை உறுதியாகச் சொல்ல முடிவதே பெரிய விஷயம் என்பது என் கட்சி.

ஆட்கள் தூங்கிவிடாமலிருக்க, குழுவே அவ்வப்போது ரகசியமாகப் பொய்ச் சிக்னலை உள்ளே அனுப்பும். கேட்டது அந்தப் பொய்ச் சிக்னலும் இல்லை, மறுபடி அளந்தாலும் அதே இடத்தில் நிற்கிறது என்றால், காந்தப்புலத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். ஆக்சியான் என்றால் புலத்தோடு சேர்ந்து அதுவும் குறைய வேண்டும். அப்போதும் குறையாமல் கேட்டால், அது வெளியே யாருடைய ஒலிபரப்போதான்.