முட்டை போடாவிட்டாலும் பச்சை மா பச்சை மாதான்

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் கொழும்பில் கதையும் கேக்கும் சேர்ந்த நிகழ்வுகளும் வந்துவிடும். ஓர் அக்கா கதை வாசிப்பார், பிள்ளைகள் பிஸ்கட் மா குழைப்பார்கள், அவணில் அது வேகும்வரை இன்னொரு கதை. எனக்கு இவை பிடிக்கும். என் நோயாளிகளின் பெற்றோரைப் போகச் சொல்லி அனுப்புவதும் நான்தான்.

ஆனால் போன கிழமை வெள்ளவத்தையில் என்னிடம் வந்த நாலு வயதுப் பிள்ளை, இந்த விடுமுறையில் இப்படி வந்த மூன்றாவது பிள்ளை. சத்தி, வயிற்றோட்டம், காய்ச்சல். மூன்று பேருமே சில நாட்களுக்கு முன் மா குழைத்தவர்கள். அந்த மாதான் காரணம் என்று ஆய்வுகூடத்தில் நிரூபிக்கவில்லை, ஆனால் “மாவை நக்கினானா?” என்று கேட்டதும் அந்த அம்மா சொன்ன பதிலை இனியும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. “நக்கினான் டொக்டர். முட்டை போடாத மா, அதுதான் விட்டோம்.”

முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, சந்தோஷம். கோதுமை மாவைப் பற்றித்தான் யாருக்கும் தெரியவில்லை. கோதுமை திறந்த வயலில் விளைகிறது. பறவை, மிருகங்களின் எச்சத்தோடு வரும் ஈ. கோலை, சல்மொனெல்லா கிருமிகள் தானியத்தில் ஒட்டியிருக்கலாம். ஆலையில் அதை அரைக்கிறார்கள், அரிக்கிறார்கள், பைக்கற்றில் அடைக்கிறார்கள், வேகவைப்பதில்லை. வெள்ளையாக, உலர்ந்து, மணமில்லாமல் இருப்பதால் அது சுத்தம் என்று நினைக்கிறோம். பச்சை இறைச்சியைத் தொட்ட கையைப் பிள்ளை வாயில் வைக்க விடுவீர்களா? 2016இல் அமெரிக்காவில் மாவிலிருந்து பரவிய ஈ. கோலையால் 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். உணவகத்தில் விளையாடக் கொடுத்த பச்சை மாவைத் தொட்ட சிறு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

“அம்மம்மா மாவை அவித்துத்தானே வைப்பார்” என்று ஒருவர் கேட்டார். அம்மம்மா அவித்த மாவும் பிட்டாக, இடியப்பமாக மறுபடி ஆவியில் வெந்த பிறகுதான் தட்டுக்கு வந்தது. மாவை அவணில் வறுத்துவிட்டு நக்கக் கொடுப்பதும் வேண்டாம்; உலர்ந்த மாவில் கிருமி சூட்டை அதிகம் தாங்கும்.

நடத்துபவர்களே, கதைப் புத்தகத்தையும் மாவையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். மாக் கையால் புரட்டிய பக்கத்தைத்தான் மடியில் இருக்கும் தம்பி கடிக்கிறான். குழைத்து முடிந்ததும் எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், பிறகு கதை. பிசுபிசுத்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. வாயில் வைக்க ஏதாவது வேண்டுமென்றால் வாழைப்பழம் வெட்டி வையுங்கள். கஜு, பால், முட்டை ஒவ்வாமை உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். வந்த பிறகு கேட்பது பிந்திவிடும். மூச்சுத் திணறினால், உதடு வீங்கினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சூடான தட்டில் கை பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துக் கொடுங்கள், ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். பார்மசியில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையோ மீதமிருந்த அன்ரிபயோட்டிக்கோ கொடுக்காதீர்கள். ஈ. கோலையில் சில வகைகள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தாக்கும். அந்த மருந்துகள் அந்த ஆபத்தைக் கூட்டலாம். மலத்தில் இரத்தம், முகம் வெளிறல், சிறுநீர் குறைவு, இதில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயிற்றோட்டம் தொடங்கி ஒரு கிழமையளவில், அது குறைந்து பிள்ளை தேறிவிட்டான் என்று நினைக்கும் நேரத்திலும் இந்தச் சிறுநீரகப் பாதிப்பு வரலாம். ‘நாலு நாளைக்கு முன் பச்சை மா நக்கினான்’ என்று அங்குள்ள டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்க மறந்துவிடலாம்.