பிரசங்கியாரே, அந்த 'அகாப்பே'யை விட்டுவிடுங்கள்

யோவான் 21ஆம் அதிகாரத்தில் 'என்னை நேசிக்கிறாயா' என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் இடத்தை எடுத்தாலே பிரசங்கத்தில் இது வந்துவிடுகிறது: "இயேசு இரண்டு முறை அகாப்பே அன்பைக் கேட்டார், பேதுரு வெறும் சிநேகத்தைத்தான் தந்தான். மூலபாஷையில் பார்த்தால்தான் புரியும்." மூலபாஷையான கிரேக்கத்தில் பார்த்தவர்களுக்குத்தான் ஐயா இது புரிவதில்லை.

அந்த இரண்டு கேள்விகளில் வரும் வினை அகப்பாவோ (அகாப்பே அதன் பெயர்ச்சொல்), பேதுருவின் பதில்களில் வருவது ஃபிலெயோ. அகப்பாவோ என்ற வினைக்கு 'தெய்வீகமாக, தன்னலமின்றி நேசி' என்று பொருள் கிடையாது. 'நேசி', அவ்வளவுதான். யாரை, எதை, எப்படி என்பதை வாக்கியம் சொல்லும். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தாமாரைக் கெடுத்த அம்னோன் அவள்மேல் கொண்ட மோகத்துக்கும் இதே வினைதான் (2 சாமுவேல் 13:1). பவுலை விட்டுப்போன தேமாவுக்கும் இதுவே. தமிழ் வேதாகமம் அங்கே 'ஆசைவைத்து' என்று சரியாகவே போட்டிருக்கிறது (2 தீமோத்தேயு 4:10). பரிசேயர் முதன்மையான ஆசனங்களை விரும்பியதை லூக்கா 11:43 அகப்பாவோ என்கிறது, மத்தேயு 23:6 ஃபிலெயோ என்கிறது. ஆசை ஒன்றுதானே? பிதா குமாரனை நேசிப்பது யோவான் 3:35இல் அகப்பாவோ, 5:20இல் ஃபிலெயோ. இரண்டு அதிகாரத்துக்குள் பிதாவின் அன்பு இறங்கிவிட்டதா?

சொல்லை மாற்றி எழுதுவது யோவானுக்குப் பழக்கம். அதே உரையாடலில் 'மேய்' என்பதற்கு இரண்டு வினை, 'அறி' என்பதற்கு இரண்டு வினை. அவற்றை வைத்து யாரும் பிரசங்கிப்பதில்லை! பேதுருவின் முதல் இரண்டு பதில்களும் 'ஆம்' என்றே தொடங்குகின்றன. மறுப்பவன் பேச்சா அது?

ஃபிலெயோவுக்கு 'முத்தமிடு' என்றும் பொருள் உண்டு. யூதாஸ் கொடுத்த அடையாளத்தில் (மத்தேயு 26:48) வருவது அதுதான். 'நட்பு அன்பு' என்று முத்திரை குத்துகிறவர்கள் அங்கே என்ன செய்வார்களோ.

வேதாகமச் செயலியில் ஸ்ட்ராங் எண் (மூலபாஷைச் சொல் ஒவ்வொன்றுக்கும் உள்ள அகராதி எண்) 25, அதாவது அகப்பாவோவைத் தட்டி முதல் வரியோடு நிற்காதீர்கள். அந்த எண் வரும் வசனங்களையெல்லாம் வாசியுங்கள். எண் அகராதிச் சொல்லை மட்டுமே காட்டும், வடிவத்தைக் காட்டாது. அகராதியில் அகப்பாவோ என்றிருப்பது வசனத்தில் உயிரெழுத்துகள் ஒடுங்கி அகப்போ, அகப்பாஸ் என்று நிற்கும். இறந்தகாலத்தில் முதல் 'அ' நீண்டு ஏகப்பேசா ஆகும். ஃபிலெயோவோ முன்னால் 'எ' சேர்த்து எஃபிலேசா என்று வரும்.

உண்மையிலேயே கவனிக்கவேண்டிய இடம் வேறு. அகப்போமென் என்ற ஒரே வடிவம் 'நேசிக்கிறோம்' என்றும் வரும், 'நேசிப்போமாக' என்றும் வரும். 1 யோவான் 4:7இல் தமிழ் 'அன்பாயிருக்கக்கடவோம்' என்கிறது, 4:19இல் 'அன்புகூருகிறோம்' என்கிறது. கிரேக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மூலபாஷையைத் தொடத்தான் வேண்டுமென்றால், தயவுசெய்து இங்கே தொடுங்கள்.