வளாகத்தில் திறக்கும் இதழ் குடியாத்தத்தில் ஏன் பூட்டிக்கொள்கிறது?

வேலூரில் பல்கலைக்கழக வைஃபையில் நொடியில் திறந்த ஆய்வுக் கட்டுரை, மாலையில் குடியாத்தம் வீட்டுக்குப் போனதும் பணம் கேட்கிறது. மாணவர் அவரேதான், லேப்டாப்பும் அதேதான். மாறியது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்த இணைப்பைக் காட்டும் எண். பதிப்பாளரின் சர்வர் பெரும்பாலும் ஆளைப் பார்ப்பதில்லை. கேட்பது, சந்தா கட்டிய பல்கலைக்கழகம் பதிவு செய்து வைத்த முகவரியா என்றுதான் பார்க்கிறது. நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து சொந்த சிம்மில் டேட்டா போட்டிருப்பவரும் அதற்கு வெளியாள்தான். ஆகவே நூலகத்துக்குப் புகார் வந்தால் முதல் கேள்வி: வைஃபையா, டேட்டாவா?

இந்த இடைவெளியை அடைப்பது ப்ராக்ஸி சர்வர். நூலக வலைவாசலில் லாகின் செய்தவரின் சார்பில் அதுவே வளாக முகவரியிலிருந்து கட்டுரையைக் கேட்டு வாங்கித் தருகிறது. 1999இல் வந்த ஈஸிப்ராக்ஸி என்ற மென்பொருள் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. பக்கத்திலுள்ள பதிப்பாளர் இணைப்புகளுக்குப் பின்னால் தன் பெயரை ஒட்டித் திருத்தி எழுதும்; தளப் பெயரின் புள்ளிகளை ஹைஃபன்களாக்கிவிடும். அழகுக்காக அல்ல. ஒரு தளத்தின் எல்லா உட்பெயர்களுக்கும் சேர்த்து வாங்கும் வைல்டுகார்டு பாதுகாப்புச் சான்றிதழ் ஒரே ஓர் அடுக்குப் பெயருக்குத்தான் செல்லும். புள்ளி நின்றால் அடுக்கு கூடும், பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டும்.

அடிக்கடி உடைவதும் இங்கேதான். பதிப்பாளர் பிடிஎஃப் கோப்புகளைப் புதிய சர்வருக்கு மாற்றுவார். அந்தப் பெயர் ப்ராக்ஸியின் அமைப்புக் கோப்பில் இருக்காது. சுருக்கம் திறக்கும், முழுக் கட்டுரை வராது. தீர்வு அந்தக் கோப்பில் சேர்க்கும் ஒரு வரிதான். ஆனால் யாராவது கவனித்தால்தானே!

பதிப்பாளரிடம் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியைக் கொடுத்துப் பயனில்லை. வளாகத்துக்கு வெளியே தெரியும் பொது முகவரி வேண்டும். இணையச் சேவை நிறுவனத்தை மாற்றினாலோ ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையை இயக்கினாலோ, அதற்கு முன்பே எல்லாப் பதிப்பாளர்களுக்கும் புது முகவரி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கணினிப் பிரிவு நூலகத்துக்குச் சொல்ல மறந்தால் மறுநாள் காலை எல்லா இதழும் பூட்டு.

ஒருவர் ஸ்கிரிப்ட் போட்டு நூற்றுக்கணக்கில் டவுன்லோடு செய்தால், பதிப்பாளர் ப்ராக்ஸியின் முகவரியையே முடக்கிவிடலாம்; வெளியிலிருந்து படிக்கும் அத்தனை பேருக்கும் அடி. எனவே ஒரு கணக்குக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வையுங்கள். நேரம், கணக்கு இரண்டும் பதிவாகும் லாகை அழிக்காதீர்கள். பல நேரம் பார்த்தால் அந்த டவுன்லோடு திருடப்பட்ட பாஸ்வேர்டில் நடந்திருக்கும்.

வலைவாசலில் இணைப்பு தரும்போது முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுக்கக் கூடாது. அதில் அன்றைய அமர்வின் அடையாளம் ஒட்டியிருக்கலாம், நாளை செத்துவிடும். கட்டுரைக்கு நிலையாகத் தரப்படும் அடையாளமான டிஓஐயின் இணைப்பை எடுத்து, அதன் முன்னால் ப்ராக்ஸி முன்னொட்டை, அதாவது ப்ராக்ஸியின் முகவரித் தொடக்கத்தைச் சேருங்கள்.

2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்களைத் தருகிறது. அரசுப் பல்கலைக்கழகம் தனிச் சந்தாவைப் புதுப்பிக்குமுன் இந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இல்லையேல் ஒரே இதழுக்கு இரண்டு முறை காசு. பட்டியலில் இல்லாத இதழ்களைப் புதுப்பிக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 1,00,000 ரூபாய்ச் சந்தா, ஆண்டுக்கு 40 டவுன்லோடு என்றால் கட்டுரைக்கு 2,500 ரூபாய்.

சோதனையை வளாக வைஃபையில் செய்தால் ப்ராக்ஸி உடைந்திருந்தாலும் எல்லாம் சரியாகவே தெரியலாம். வாரம் ஒருமுறை மொபைல் டேட்டாவில், மாணவர் கணக்கில் நுழைந்து, பதிப்பாளருக்கு ஒரு கட்டுரை வீதம் பிடிஎஃப் வரை திறந்து பாருங்கள்.