நீறு பூத்த நெருப்பைக் கூடாரத்துக்குள் தூக்கிப் போகாதீர்கள்

"ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஆளுக்கு எப்படி ஹேங்ஓவர் வரும்?" ஞாயிற்றுக்கிழமை காலை அவசர சிகிச்சைப் பிரிவில் நான் கேட்ட இந்தக் கேள்விக்கு அந்த நான்கு பேரிடமும் பதில் இல்லை. காட்டை ஒட்டிய திராட்சைத் தோட்டத்தில் கிளாம்பிங் போயிருக்கிறார்கள். கட்டில், மெத்தை, தொங்கும் விளக்கு எல்லாம் வைத்த பெரிய கான்வாஸ் கூடாரம். பகலில் இரண்டு ஒயினரிகளில் ருசி பார்த்துவிட்டு, ராத்திரி கரியடுப்பில் சுட்டுச் சாப்பிட்டு, குளிர் ஏறியதும் அந்த அடுப்பையே உள்ளே தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். காலையில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். நேற்றுக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டு மறுபடியும் அதே கூடாரத்தில் படுத்திருக்கிறார்கள். வண்டி ஓட்ட வேண்டும் என்று தொடாமல் இருந்தவரும் வாந்தி எடுத்த பிறகுதான் யாருக்கோ பொறி தட்டியிருக்கிறது.

நால்வரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் இதே கதையை வேறு வேறு முகங்கள் சொல்லிக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் வரும் வசனம் இது: "புகையே இல்லையே டாக்டர், கரி அணைஞ்ச மாதிரிதான் இருந்தது." சரி, பொறுமையாகச் சொல்கிறேன். கரியடுப்பில் புகை வருவது பற்றவைக்கும்போது. அது அடங்கி, கங்கு சிவந்து, மேலே வெள்ளைச் சாம்பல் படிந்த பிறகுதான் சமைக்கவே ஆரம்பிப்பீர்கள். அந்த நேரத்திலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்துகொண்டுதான் இருக்கிறது. சமையல் முடிந்து மணிக்கணக்கில் ஆன பிறகும் வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. புகைக்கு மூக்கு முழித்துக்கொள்ளும் என்று நம்பிப் படுக்கிறீர்கள், இதற்கு மூக்கு முழிக்காது. நீறு பூத்த நெருப்பு என்று தமிழில் எதை எதையோ சொல்கிறோம், உண்மையான நீறு பூத்த நெருப்பு எதிரில் இருந்தால் மட்டும் அணைந்துவிட்டது என்கிறோம்!

அடுத்தது, "ஜிப்பைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருந்தோம்." இந்த வாயுவின் எடை கிட்டத்தட்டக் காற்றின் எடைதான். கூடாரம் முழுக்கக் கலந்து நிற்கும், நீங்கள் விட்ட நான்கு விரல் இடைவெளியைத் தேடி வெளியே போகாது. பருத்திக் கான்வாஸில் இன்னொரு சிக்கல், பனியில் நனைந்தால் நூல் உப்பி நெசவு இறுகிவிடும். காற்று புகும் துணி என்ற தைரியம் விடியற்காலையில் செல்லாது.

அந்த நால்வரில் ஒருவர் கையோடு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொண்டுவந்திருந்தார். விரலில் மாட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார், ரத்தத்தில் ஆக்ஸிஜன் 99 சதவீதம் என்று காட்டியது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஏறக்குறைய ஒன்றுதான், பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் விஷம் இது. (இளம் மருத்துவர்களுக்கு ஓரமாக ஒரு வார்த்தை: தோல் செர்ரிப் பழமாகச் சிவக்கும் என்று காத்திருக்காதீர்கள், உயிரோடு இருப்பவரிடம் அது அபூர்வம். ஒரே இடத்தில் தூங்கியவர்களுக்கு ஒரே காலையில் தலைவலி என்றால், ஃபுட் பாய்சனிங் என்று எழுதுமுன் ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் பாருங்கள்.)

ஒயின் இதில் இரண்டு வேலை செய்கிறது. தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி உடம்பு சூடான மாதிரி காட்டும், உள்சூடு அந்த வழியாகத்தான் வெளியேறும். கொஞ்ச நேரத்தில் நடுக்கம், அடுப்பு உள்ளே வருகிறது. அப்புறம் எழுப்ப வேண்டிய தலைவலி எழுப்பாது, எழுப்பினாலும் பழி ஒயின்மேல் விழும்.

அதனால் இடம் பதிவு செய்யும்போது மெத்தை விரிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தது போதும், கூடாரத்தை எதைக் கொண்டு சூடாக்குகிறார்கள் என்று கேளுங்கள். விறகு அடுப்பு என்றால் புகைபோக்கி கூரைக்கு வெளியே போகிறதா, யாராவது அதைச் சுத்தம் செய்கிறார்களா? கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் இருக்கிறதா? "அலாரம் இருக்கு" என்பார்கள். அது புகை அலாரமாக இருந்தால் இதற்கு உதவாது. பேட்டரியில் ஓடும் டிடெக்டர் ஒன்று உள்ளங்கை அளவுதான், பையில் போடுங்கள். கேஸ் ஸ்டவ், கேஸ் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் கரியடுப்பின் பங்காளிகள்தான்.

காட்டில் கங்கை வெளியே விட்டுவிட்டுத் தூங்கப் பயமாக இருக்கிறது என்கிறார்கள். நியாயமான பயம், சருகுக்கு ஒரு பொறி போதும். தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடே தெரியாத வரை. தீத்தடை அறிவித்திருந்தால் பற்றவைக்கவே வேண்டாம். குளிருக்குத் தடிமனான பாய், நல்ல ஸ்லீப்பிங் பேக், கால்மாட்டில் வெந்நீர்ப் பை. போர்வையை மேலே அடுக்குகிறவர்கள் கீழே ஒன்றும் போடுவதில்லை, தரைதான் சூட்டை உறிஞ்சுகிறது.

அறுவடைக் காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று: ஒயின் நொதிக்கும் நிலவறைக்குள் கூப்பிடாமல் இறங்காதீர்கள். அங்கே கார்பன் டை ஆக்சைடு, காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கி நிற்கும்.

நடுராத்திரி கூடாரத்தில் தலை வலித்து முழித்தால் யோசிக்க வேண்டாம், முதலில் எல்லோரையும் எழுப்பி வெளியே இழுங்கள், எழுந்திருக்காத ஆளை முதலில் இழுங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வெளிக்காற்று பட்டதும் தெளிந்துவிட்டது என்று திரும்பப் படுக்காதீர்கள், தயவுசெய்து. சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும், மாஸ்க்கில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி. ஞாபக மறதி, குணமாற்றம் போன்றவை சில வாரம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. கர்ப்பிணி என்றால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வந்ததும் அடுப்பு எங்கே இருந்தது என்று முதலில் சொல்லுங்கள். எத்தனை கிளாஸ் என்று நான் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.