ஐப்பசியில் கொழுகொம்பு, பங்குனியில் கிழங்கு

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம் தோண்டி எடுத்த இராசவள்ளிக் கிழங்கை ஓர் அம்மா என் உள்ளங்கையில் வைத்தார். முழுக் கிழங்கும் கைக்குள் அடங்கிவிட்டது. “ஒன்பது மாதம் காத்திருந்தேன் தம்பி. மாட்டெருவும் போட்டேன். இதற்கு வத்தாளைக் கிழங்கையே நட்டிருக்கலாம்” என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். கறுத்து, பொலபொலவென்று இருந்தது. விதைக்கிழங்கும் நல்ல இடத்திலிருந்து வந்ததுதான். காய்ந்த கொடி மட்டும் தரையிலேயே சுருண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு கம்பு நின்றது. நட்டு மூன்று மாதம் கழித்து, கொடி படர்ந்து பின்னிய பிறகு மகன் கொண்டுவந்து குத்தியதாம். அதில் ஓர் இலைகூட ஏறியிருக்கவில்லை.

விவசாயப் போதனாசிரியராக வீட்டுத் தோட்டங்களில் ஏறி இறங்கிய இத்தனை ஆண்டுகளில், வள்ளிக்கிழங்கில் நான் அதிகம் கண்ட தோல்வி இதுதான். உரத்தை நினைக்கிறோம், விதையை நினைக்கிறோம், கொழுகொம்பைக் கடைசியில் நினைக்கிறோம்.

வள்ளிக்கொடி முளைத்து வருவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் இலை விடாது. வெறும் தண்டாக, நுனியை ஆட்டிக்கொண்டு, பற்றிக்கொள்ள எதையாவது தேடி நீளும். அந்த நீளத்துக்கான சத்து முழுவதும் நாம் நட்ட துண்டுக்கிழங்கின் சேமிப்பு. பிடி கிடைத்தால் மேலேறி இலை விரிக்கும். கிடைக்காவிட்டால் தன்மேல் தானே சுற்றிக்கொண்டு குவியலாகிவிடும். குவியலில் மேல் இலை கீழ் இலையை மறைக்கும். கிழங்குக்கு வேண்டிய மாச்சத்தைச் சமைப்பது இலை. வெயில் படாத இலை தன் வயிற்றையே நிரப்பிக்கொள்ளாது, கிழங்குக்கு எதை அனுப்பும்?

மலையகத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இடம் நம்முடையது. தரையில் கிடக்கும் இலை காயவே காயாது. அந்திரக்நோஸ் என்னும் பங்கசு நோய்க்கு அதைவிட வசதி வேறில்லை. இலையில் கரும்புள்ளி விழும், நரம்பு கறுக்கும், பிறகு கொடியே தீயில் வாட்டியதுபோல் கருகிவிடும். வள்ளி வகைகளில் இராசவள்ளிக்கே இந்த நோய் அதிகம். கம்பில் ஏறிய கொடியில் காற்று புகுந்து இலை சீக்கிரம் உலர்ந்துவிடும். நோய் முற்றாக வராது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வந்தாலும் மெதுவாகவே பரவும்.

எல்லா உயரத்திலும் வள்ளி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இது வெப்பம் விரும்பும் பயிர். 25 பாகை செல்சியசுக்கு மேல் செழிக்கும், 20க்குக் கீழே சோர்ந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கும் பதுளையிலும், கண்டி, மாத்தளை, கம்பளைப் பகுதிகளிலும் தாராளமாக வைக்கலாம். 1,200 மீற்றரைத் தாண்டும் பண்டாரவளை, ஹட்டன் பக்கத்தில் வெயில் விழும் சுவரோரம் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம், பெரிய கிழங்கை எதிர்பார்க்க வேண்டாம். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் உருளைக்கிழங்கே போதும். நான் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. உங்கள் வேலியில் கிளிசரியா தழைத்து நிற்கிறதா? அப்படியானால் வள்ளியும் வரும்.

அந்தக் கிளிசரியாவே நான் சொல்லும் கொழுகொம்பு. மணிக்கட்டுப் பருமனில் ஏழடி நீளத் தடிகளை வெட்டி, ஐப்பசி மழையில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஊன்றிவிடுங்கள். பங்குனியில் கிழங்கு நடும்போது அது வேர்பிடித்து, ஆடாமல் நிற்கும். ஒரே நாளில் இரண்டையும் நட்டால் ஆடி மாதக் காற்றில் கம்பு சாய்ந்து, கொடியையும் இழுத்துக்கொண்டு விழும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று எப்படி அடிக்கும் என்று அங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊவாப் பக்கத்துக்குக் கச்சான் காற்று இருக்கிறது. கிளிசரியா தழைத்து நிழல் கட்டும்போது கிளையைக் கழித்து, அந்தத் தழையைக் கிழங்கின் மேட்டிலேயே மூடாக்காகப் பரப்புங்கள். தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பும். 2021இல் இரசாயன உரம் நின்றுபோய், அடுத்த ஆண்டு அரிசி விலை ஏறியபோது, இந்தத் தழையை நம்பிக் கிழங்கு வைத்த வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்காவது வழி இருந்தது. அதை நேரில் கண்டேன்.

ஐப்பசியைத் தவறவிட்டவர்கள் காய்ந்த கம்பையே பயன்படுத்தலாம். மூங்கிலோ, நாம் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியாவின் கிளையோ எட்டடி நீளத்தில் இருக்கட்டும். அடிமுனையைச் சுட்டுக் கரியாக்கி ஊன்றுவாரும் உண்டு. மூன்று கம்புகளைக் கூம்புபோல் நிறுத்தி உச்சியில் கட்டுங்கள், காற்றைத் தாங்கும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய குச்சி குட்டை, அது வேண்டாம். நிழல்மரங்கள் தோட்ட நிர்வாகத்துக்கு உரியவை. கேட்காமல் கிளை வெட்டிப் பிறகு வழக்கும் வம்புமாக அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

முற்றத்தில் பலா நின்றால் இன்னும் நல்லது. மரத்திலிருந்து மூன்றடி தள்ளிக் கிழங்கை நட்டு, ஒரு முளைக்குச்சியிலிருந்து தாழ்ந்த கிளைக்குத் தும்புக்கயிறு கட்டிவிட்டால் கொடி தானே ஏறிக்கொள்ளும். கண்டிப் பக்கத்துக் கிராமங்களில், சிங்களத்தில் ராஜ ஆல எனப்படும் இராசவள்ளி இப்படித்தான் மரமேறி நிற்கிறது.

கம்பைக் கிழங்கிலிருந்து ஓரடி தள்ளியே ஊன்ற வேண்டும். முளை வந்தபின் பக்கத்தில் குத்தினால் வேரும் போகும், கிழங்கும் போகும். கொடியைக் கையால் ஏற்றிவிடும்போது அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள். இராசவள்ளி ஒரு பக்கம் சுற்றினால், முள்ளுள்ள சிறுவள்ளி அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும். நம் விருப்பத்துக்கு மாற்றிச் சுற்றினால் கொடி அவிழ்ந்து விழுந்துவிடும். கட்டுவதற்கு வாழைநார் போதும். பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுத்துவிடும்.

நடவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 150 முதல் 200 கிராம் வரையான துண்டு போதும். தலைப்பக்கத் துண்டு முதலில் முளைக்கும், வால்பக்கம் பிந்தும். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி ஒரு நாள் நிழலில் வையுங்கள். இரண்டடி அகலக் குழியில் மேல்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, நீர் தேங்காதபடி மேடு கூட்டி, மூன்றடிக்கு ஒன்றாக நடுங்கள்.

சரிவில் குழி வெட்டுவதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லயத்தின் பின்னால் இருக்கும் செங்குத்தான மண்திட்டைத் தோண்டாதீர்கள். திறந்து கிடக்கும் குழி மழைநீரைச் சரிவுக்குள் இறக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அது கிழங்குக் குழியால் வந்ததல்ல. ஆனாலும் மழையில் ஊறிய சரிவு எப்படிப்பட்டது என்பதை அறிந்த பிறகு, ஒரு கூடைக் கிழங்குக்காக அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் சமதரையில் உரப்பைகளில் மண் நிரப்பி வள்ளி வைக்கலாம். பைக்கும் கம்பு வேண்டும். அதைப் பைக்கு வெளியே நிலத்தில் ஊன்றுங்கள்.

கிழங்கு பெருத்ததும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வரும். தகரம், முள்வேலி, நெருக்கமாக ஊன்றிய கிளிசரியா வேலி ஆகியவை தடுக்கும். கம்பிக் கண்ணி வைக்காதீர்கள், மின்கம்பி இழுக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறித் தோட்டமொன்றின் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, எவ்வளவோ முயன்றும் பிழைக்கவில்லை. மின்கம்பியை நம் பிள்ளைகளே மிதித்துவிடுவார்கள். இரவில் பன்றியைத் திட்டிக்கொண்டே கண்ணி கட்டும் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. அப்படியும் வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு மறு ஐப்பசியில் போய், ஆறு கிளிசரியாத் தடிகளை நானே நின்று ஊன்றவைத்தேன். இரண்டு பட்டுப்போயின. நான்கில் கொடி ஏறியது. மார்கழியில் இலை பழுத்து உதிர்ந்ததும், அலவாங்கை மேட்டில் குத்தாமல், ஓரடி தள்ளி மண்ணைக் கிளறித் தோண்டச் சொன்னேன். காயம்பட்ட கிழங்கு முதலில் அழுகும் என்பதால், அதை அன்றைக்கே அவித்துக் கட்டச்சம்பலுடன் எனக்கும் ஒரு தட்டில் வைத்தார். ஊதா நிறக் கிழங்கு, வெறுந்தேநீர். பேரப்பிள்ளை இரண்டாவது தட்டு கேட்டான்.

மிச்சக் கிழங்குகளின் தலைப்பகுதிகளை அம்மா ஏற்கனவே வெட்டிச் சாம்பல் தடவி, அடுப்படிப் பரணில் அடுக்கியிருந்தார். “அடுத்த வரிசைக்கு எத்தனை தடி வேண்டும் தம்பி?” என்று கேட்டார். பட்டுப்போன இரண்டையும் சேர்த்துப் பத்து என்றேன்.