எண்ணெய்த் தொட்டியின் நிழலில் ஒரு வேவு

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கமாடிட்டியில் கச்சா எண்ணெய் வாங்கி விற்பவர். "போர்த் தந்திரங்களை வைத்து டிரேடிங் கற்றுத் தருகிறோம், கமாண்டோ மாதிரி யோசிக்க வைக்கிறோம் என்று விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. ராணுவத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

இருக்கிறது. ஆனால் விளம்பரக்காரர்கள் கைகாட்டும் பக்கத்தில் இல்லை.

இத்தகைய வகுப்புகளில் ஜான் பாய்ட் பெயர் அடிக்கடி அடிபடும். கொரியப் போரில் பறந்த அமெரிக்க விமானப்படை அதிகாரி. கவனி, நிலைமையைப் புரிந்துகொள், முடிவெடு, செயலில் இறங்கு. இந்தச் சுற்றை எதிரிக்கு முன்னால் முடிப்பவன் கை ஓங்கும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் இன்றைய சந்தையில் அந்தச் சுற்றைக் கம்ப்யூட்டர்கள் கண்ணிமைப்பதற்குள் பல முறை முடித்துவிடுகின்றன. மொபைலில் விரல் வைத்து அவற்றை முந்தப் பார்ப்பது வீண் வேலை.

ராணுவத்திடமிருந்து சந்தை உருப்படியாக எடுத்துக்கொண்டது சண்டையை அல்ல, வேவை. வணிகருக்கு இது புதிதும் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கொடி கட்டியிருந்தது, எத்தனை பீரங்கி வேட்டுப் போட்டார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அவரும் வியாபாரிதான். கடலில் பாய் தெரியும்போதே சரக்கு நிலவரம் பிடிபட ஆரம்பித்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கண் வானத்துக்குப் போனது. இங்கிலாந்தின் மெட்மன்ஹாமில், உளவு விமானங்கள் எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க ஒரு படையே உட்கார்ந்திருந்தது. ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டை 1943இல் படத்தில் கண்டுபிடித்தவர் அங்கே வேலை பார்த்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண். மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாது, நிழல் தெரியும். நிழலின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணக்குப் போட்டார்கள்.

இதே நிழல் கணக்குதான் இன்று எண்ணெய்ச் சந்தையில் ஓடுகிறது: செயற்கைக்கோள் படத்தில் எண்ணெய்த் தொட்டிகளின் நிழலை அளந்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கச்சா எண்ணெய் சும்மா இருந்தாலே ஆவியாகும். தொட்டியில் எண்ணெய்க்கு மேலே காலியிடம் இருந்தால் அங்கே ஆவி சேரும்; நஷ்டம் ஒருபுறம், தீ அபாயம் மறுபுறம். அதனால் பெரிய தொட்டிகளுக்கு மிதக்கும் கூரை போடுகிறார்கள். கூரை எண்ணெயின் மேலேயே படிந்து மிதக்கும். எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். சுற்றுச்சுவர் மட்டும் அசையாது. வெயில் சாய்வாக விழும்போது நம் ஊர்க் கிணற்றில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கும்: நீர் கீழே போகப் போக உள்ளே நிழல் பெருகும். விண்ணிலிருந்து பார்த்தால் கூரையின் மேல் பிறை வடிவத்தில் ஒரு கறுப்பு. பிறை பருத்திருந்தால் தொட்டி காலி, மெலிந்திருந்தால் நிறைவு.

அழகு இனிமேல்தான். ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு நிழல்கள். சுவர் வெளியே தரையில் போடுவது ஒன்று, உள்ளே கூரையில் போடுவது இன்னொன்று. வெளி நிழல் சுவரின் முழு உயரத்தைப் பொறுத்தது. உள் நிழல், சுவர் விளிம்புக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. இரண்டையும் நீட்டுவதும் குறுக்குவதும் ஒரே சூரியன், ஒரே கோணம். ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சூரியக் கோணமே கணக்கிலிருந்து அடிபட்டுப் போய்விடுகிறது! வெளி நிழல் 20 மீட்டர், உள் நிழல் 5 மீட்டர் என்றால் கால் பங்கு காலி, முக்கால் பங்கு எண்ணெய். அவ்வளவுதான். படம் சற்றுச் சரிவாக எடுக்கப்பட்டிருந்தால் மட்டும் அதற்கொரு திருத்தம் வேண்டும்.

தொட்டி 80 மீட்டர் விட்டம், 20 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு சுமார் 1 லட்சம் கன மீட்டர், அதாவது 6.3 லட்சம் பேரல். கூரை அரை மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 16,000 பேரல் வெளியே போயிருக்கிறது. வெயில் 45 பாகையில் விழும் நேரத்தில் இந்த அரை மீட்டர், நல்ல செயற்கைக்கோள் படத்தில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை அளப்பதில் பிசகினால், ஒரு தொட்டியில் இந்தப் பிழை பெரிது. நூற்றுக்கணக்கான தொட்டிகளைக் கூட்டும்போது கூடுதலும் குறைவும் பெருமளவு ஈடாகிவிடுகின்றன.

சரி, நிழலே இல்லாவிட்டால்? கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏப்ரல் 20, 21 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அன்றும் வேவு நிற்காது. படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பல, காலை பத்தரை வாக்கில் கடந்துபோகும்படி பாதை வகுக்கப்பட்டவை, நிழல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்துக்கு ரேடார் செயற்கைக்கோள். அதற்கு வெயிலும் வேண்டாம், பகலும் வேண்டாம்.

அதே ஏப்ரல் 20, 2020ஆம் ஆண்டில். கொரோனாவால் எண்ணெய் வாங்க ஆளில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கஷிங் என்ற ஊர். அமெரிக்க கச்சா எண்ணெய் ஃபியூச்சர்ஸ் (பின்தேதிக்கு இன்றே விலை பேசி வைக்கும்) ஒப்பந்தப்படி சரக்கைக் கைமாற்றும் இடம். வாரக்கணக்கில் அங்கே கூரைகள் ஏறிக்கொண்டிருந்தன, பிறைகள் மெலிந்துகொண்டிருந்தன. ஊற்றி வைக்க இடமில்லாதவர்கள், காசு கொடுத்தாவது ஒப்பந்தத்தைத் தள்ளிவிடும் நிலைக்கு வந்தார்கள். மே மாத ஒப்பந்தம் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. நம் கமாடிட்டி சந்தையான எம்.சி.எக்ஸ் லாக்டவுனால் அன்று மாலை 5 மணிக்கே மூடிவிட்டது, கடைசி விலை 965 ரூபாய். சரிவு நம் இரவில் வந்தது. அந்த அமெரிக்க விலையை வைத்து, எம்.சி.எக்ஸ் ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது. 100 பேரல் கொண்ட ஒரு லாட்டை வாங்கிக் கையில் வைத்திருந்தவருக்கு அந்த வித்தியாசம் மட்டும் சுமார் 3.85 லட்சம். பாய்டின் சுற்றில் அவர் கடைசிப் படியில் அடைபட்டுப் போனார்: செயல்படச் சந்தையே திறந்திருக்கவில்லை.

ராகு காலம் பார்த்து ஆர்டர் போடுபவர்களையும், கிரகப் பெயர்ச்சியை வைத்து எண்ணெய் விலைக்குப் பலன் சொல்லும் குழுக்களையும் நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்கிறது. எதிரில் இருப்பவர் நிழலை அளக்கிறார். நாம் சனியை அளந்துகொண்டிருந்தால் பணம் எந்தப் பக்கம் போகும்?

அளப்பதற்கு நம்மிடம் வழி இல்லாமலும் இல்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் தரவும் பொதுவில் தருவதற்கானதுதான். நம் வட்டாரக் கல்லூரிகளுக்கு இதைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்களும், ஓட்டிப் பார்க்க கம்ப்யூட்டர்களும் கொடுக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். எண்ணெயை விடுங்கள். வீராணம் பாசனத்தில் சம்பா எத்தனை ஏக்கர் நடப்பட்டது, மழையில் எத்தனை ஏக்கர் மூழ்கியது என்று அறுவடைக்கு முன்பே அறிந்தால், நெல்லுக்கு விலை பேசும்போது விவசாயி கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.

வாசகருக்கு: அந்த வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாரந்தோறும் வெளியிடும் எண்ணெய் இருப்புக் கணக்கு இலவசம். வழக்கமாகப் புதன்கிழமை இரவு, நம் நேரப்படி 8 மணிக்கு, அவர்களின் குளிர்காலத்தில் 9 மணிக்கு வரும். அதில் கஷிங்குக்குத் தனி வரி உண்டு. சில மாதம் ஆர்டர் எதுவும் போடாமல் அந்த எண்ணையும், அது வந்த பிறகு விலை நகர்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். இருப்பு கூடிய சில வாரங்களில் விலையும் ஏறியிருக்கும். நிழலை அளந்தவர்கள் அந்த எண்ணை முன்பே ஊகித்து, விலையில் சேர்த்துவிட்ட வாரங்களும் அவற்றில் இருக்கும்.